வாசல் வளைவில் ஒரு கறுப்புக் கல்

பெங்களூரு ஈஜிபுராவில் லாரி திரும்பாத சந்துக்குள் மாடி வீடு எழுப்பினேன். அடுகோடியில் தண்ணீர் தேங்கிய பள்ளத்தை நிரப்பிப் பட்டறை கட்டினேன். ஸ்ரீராம்புரத்தில் நான் வைத்த சுவர் ஒரு மழைக்குத் தாங்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். சாய்ந்தது அவர் சுவர்தான். நான்காம் வகுப்போடு கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்த மேஸ்திரி நான். இதை நானே சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலானது எங்கள் தேவாலயத்தின் மேற்கு வாசல். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகக் கட்டிய காத்திக் பாணிக் கோயில் அது. வளைவுகள் வட்டமாக முடியாமல் உச்சியில் கூராகச் சேரும். ஒரு பெருமழையில் வாசல் வளைவு சரிந்தபோது மற்ற மேஸ்திரிகள் நழுவிவிட்டார்கள். சுரங்கத்தில் கூரைக்கு மரம் முட்டுக் கொடுத்தவர் என் அப்பா. அவர் சொன்ன மாதிரியே முட்டுக் கொடுத்து, விழுந்த கற்களையே சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி ஏற்றினேன். வேலை முடிந்ததும் அதன் அழகைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. ஊர்க்கண் சும்மா விடுமா? முட்டுகளைப் பிரிக்கும் முன்பே, உச்சிக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் கல்லை எடுத்துவிட்டுக் கறுப்புக் கல் ஒன்றை வைத்தேன், குழந்தையின் கன்னத்துப் பொட்டைப் போல.

இப்போது சபை தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலர் அதைப் படித்துக் காட்டினார். மனிதனின் பாவத்தை நினைவூட்ட வெள்ளைக்காரப் பொறியாளர் வைத்ததாம் அந்தக் கறுப்புக் கல்!

நான் எழுந்தேன். "பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது திருஷ்டிப் பொட்டு. வெச்சது நான்."

போதகர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். "அண்ணே, கோயில் புஸ்தகத்துல திருஷ்டின்னு போட்டா பிஷப் என்னைக் காட்டுக்கு மாத்திடுவாரு. கம்முனு இருங்க, உங்க கல்லுக்கு வெள்ளைக்காரன் மரியாதை கெடைக்குது."

என் மனைவி விடுவாளா? "பாஸ்டரய்யா, எங்க வீட்டு அலமாரிக் கதவு தொங்கிட்டே கெடக்குது. அதையும் அந்த வெள்ளைக்காரனயே வந்து மாட்டச் சொல்லுங்க. இவரு வர மாட்டாரு."

சபையே சிரித்தது. செயலர் இறங்கி வந்தார். "உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் பழுது பார்த்தார்னு ஒரு வரி சேக்கட்டுமா?"

"ஒருவரா? அந்த ஒருவருக்குப் பேரு இல்லியா?" என்று கேட்டேன்.

புத்தகம் இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. சபையாருக்கு நான் சொல்வது இதுதான்: வெள்ளைக்காரன் கட்டியதற்கு அவன் பெயரைப் போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. மேற்கு வாசல் வளைவுக்கு என் பெயர் வேண்டும், இனிஷியலோடு. கறுப்புக் கல்லைத் திருஷ்டிக் கல் என்றே எழுதுங்கள். பிஷப் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.