வாத்தியக்காரர்களுக்கு மேலே இரண்டு இடம்

முதல் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் கல்கத்தாவில் நடந்தது இது. அப்போது நானும் அண்ணாவும் பாலிகஞ்சில் குடியிருந்தோம். அண்ணா ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. நான் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டர் பயிற்சி முடித்து, அங்கேயே மருந்து கலக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். டாக்டர் சீட்டில் உள்ளதை வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் கலந்ததும் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மளிகை, சலவை, ஊருக்கு எழுத வேண்டிய கடிதம், எல்லாவற்றுக்கும் என்னிடம் பட்டியல் இருந்தது.

அண்ணாவின் மனைவி, என் மன்னி, கும்பகோணத்திலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எதிரே நின்று பேசினால் சிரித்த முகத்தோடு பதில் சொல்வாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆபீஸுக்குக் கிளம்பும்போது அண்ணா அறையிலிருந்து மூன்று தரம் குரல் கொடுப்பான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே நிற்பாள். அண்ணா அதைக் கர்வம் என்று நினைத்தான். நான் ஊர் ஏக்கம் என்று நினைத்தேன்.

ஒருநாள் அண்ணா சொன்னான்: "தை பொறந்ததும் அவளைக் கொண்டுபோய் அவ ஆத்துல விட்டுடப் போறேன். அவளுக்கு இங்க ஒட்டலை." விட்டால் மறுபடி அழைத்துவர மாட்டான் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை நாடகத்துக்கு அழைச்சிண்டு போலாம் அண்ணா. நாலு மனுஷாளைப் பார்த்தா கலகலப்பாயிடுவா" என்றேன்.

"கம்பவுண்டரம்மா எழுதிக் குடுக்கற மருந்தா இது? வேளைக்கு எத்தனை அவுன்ஸ்?" என்று கேலி செய்தாலும் சம்மதித்தான்.

நகரத்தின் வடக்கே இருந்த அந்தத் தியேட்டர் மிகப் பெரியது. ஆண்களுக்குக் கீழே இடம். பெண்களுக்கு மாடியில், கம்பி வலைக்குப் பின்னால். மாடியில் இருக்கைகளுக்கு எண் கிடையாது. முதலில் போனவர்கள் பிடித்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி நர்ஸ்களோடு இரண்டு தடவை போயிருந்ததால் எனக்கு அந்த இடம் அத்துப்படி. நோட்டில் எழுதினேன்: தூண் மறைக்கக் கூடாது. குழந்தைகள் அழும் படிக்கட்டுப் பக்கம் வேண்டாம். வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும். பின்னால் சுவர் இருந்தால், வங்காளி வசனத்தை மன்னிக்குத் தமிழில் சொல்லும்போது யாரும் அதட்ட மாட்டார்கள். நான்குக்கும் பொருந்தியது கடைசி வரிசையின் நடு இடம் ஒன்றுதான். மேடையை ஒட்டிய பக்கவாட்டு இடங்களை முதலிலேயே அடித்துவிட்டேன். வாத்தியக்காரர்கள் அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வசனம் காதில் விழாது.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. ரயிலில் சியால்தா வரை போய், அங்கிருந்து குதிரை வண்டியில் போனோம். முக்கால் மணி முன்னதாகவே நான் நினைத்த இடத்தைப் பிடித்துவிட்டேன். திரை ஏறியதும் மாடி இருண்டது. மன்னியின் காதருகே குனிந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சிரிப்பு வரும் இடத்தில் அவள் சிரிக்கவில்லை. அழும் இடத்தில் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பாடுபட்டும் இப்படி இருக்கிறாளே என்று எனக்கே கோபம் வந்தது. அண்ணா சொன்னது சரிதானோ என்றுகூடத் தோன்றியது.

இடைவேளையில் அண்ணா கீழிருந்து சோடா அனுப்பினான். மாடியில் பெண்களைக் கவனிக்க ஒரு வேலைக்காரி உண்டு. கீழிருந்து சேதி வந்தால் தெருப் பெயரையும் வீட்டையும் சொல்லிக் கத்திக் கூப்பிடுவது அவள் வேலை. அவளை எல்லோரும் மாஸி, அதாவது சித்தி, என்பார்கள். "பாலிகஞ்ச் மதராஸி பாபு வீடு!" என்று எங்கள் பின்னாலிருந்து கத்தினாள். சுற்றி இருந்த பத்துப் பேர் திரும்பினார்கள். மன்னி திரும்பவில்லை. மாஸி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு சோடா பாட்டிலை மன்னியின் தலைக்குப் பின்னால் பிடித்து, கோலியை அழுத்தினாள். வெடி போட்டதுபோல் சத்தம். நான் துள்ளி எழுந்துவிட்டேன். மன்னியின் தோள்கூட அசையவில்லை.

மாஸி வங்காளியில் என்னிடம் சொன்னாள்: "தீதி, இருட்டுல அவ காதுல என்னத்தை ஊதிக்கிட்டே இருக்கே? உன்கூட வந்திருக்கறவளுக்குக் காது கேக்காது."

"பேசினா பதில் சொல்றாளே மாஸி?"

"உன் வாயைப் பார்த்துச் சொல்றா. இருபது வருஷமா இந்த மாடியில தொண்டை கிழியக் கத்தறேன். நான் கத்தி யார் திரும்பலைன்னு எனக்குத் தெரியாதா?"

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் நான். எனக்கு முகம் சுட்டது. மன்னியின் எதிரே போய் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன். அவள் கண் நிறைந்துவிட்டது. "கல்யாணத்தப்போ நன்னாத்தான் கேட்டுது. அப்புறம், இங்க வரதுக்கு முன்னாடி, ஒரு ஜுரம் வந்தது. உங்க அண்ணாகிட்ட சொல்லிடாதீங்கோ. மறைச்சு அனுப்பிட்டார்னு எங்கப்பாவைச் சொல்லுவா."

அதற்குள் மாஸி எங்கள் சோடா பாட்டில்களை எடுத்துக்கொண்டு நடந்தாள். வேறு வழியில்லாமல் பின்னால் போனோம். நான் பட்டியலில் அடித்த பக்கவாட்டு இடத்தில், ஆளில்லாத முன்வரிசையில் எங்களை உட்கார வைத்தாள். மேடை விளக்கின் வெளிச்சம் வலை வழியாக எங்கள் முகத்தில் விழுந்தது. நடிகர்களின் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. கீழே வாத்திய முழக்கத்தில் எனக்குப் பாதி வசனம் கேட்கவில்லை. கேட்டதை வாயசைத்தே சொன்னேன்; மன்னி முழுவதும் புரிந்துகொண்டாள். கேட்காத இடத்தில் அவள் எனக்குச் சொன்னாள்: "அந்த மந்திரியை நம்பாதீங்கோ. ராஜா அந்தண்டை திரும்பினதும் ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்கோ, சரியான திருடன்!" பத்து நிமிஷத்தில் மந்திரி மாட்டிக்கொண்டான். மன்னி கைகொட்டிச் சிரித்தாள். ஐந்து மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

நாடகம் முடிந்ததும் மாஸி மன்னியைக் கத்திக் கூப்பிடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் முகத்துக்கு எதிரே நின்று கையசைத்தாள்.

சியால்தாவுக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மன்னியைக் கேட்டேன்: "நான் சொல்லட்டுமா?" சரி என்று தலையாட்டினாள். அண்ணாவைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவன் கைவிரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான். எத்தனை நாள் காலையில் எத்தனை தரம் வீணாகக் கூப்பிட்டோம் என்று எண்ணிக்கொண்டிருந்தானோ என்னவோ. பிறகு மன்னி நின்றிருந்த விளக்குக் கம்பத்தடிக்குப் போய், அவள் எதிரே நின்று, நிதானமாகக் கேட்டான்: "நாடகம் பிடிச்சுதா?"

"மந்திரி நன்னா நடிச்சான்" என்றாள் மன்னி.

தை வந்தது. மன்னி எங்கேயும் போகவில்லை. காலையில் அண்ணா அறையிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டு, அடுப்படி வரை நடந்து போகக் கற்றுக்கொண்டான்.

பட்டியல் போடும் பழக்கம் என்னை விடவில்லை. ஆனால் அன்று முதல் எதை எழுதினாலும் முதல் வரியை வெறுமையாக விடுகிறேன். அந்தப் பட்டியல் யாருக்காகவோ, அவருக்கு என்ன தேவை என்று அவரிடமே, முகத்துக்கு எதிரே நின்று கேட்ட பிறகுதான் அந்த வரியை நிரப்புகிறேன்.