என்னிடம் மட்டும் சொன்னது

என் தம்பிக்கு இருபத்து நாலு வயது ஆகும்வரை மீனில் முள் எடுத்துக் கொடுத்தவள் நான். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினாறு. மறு வருஷமே அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவனுக்கும் சேர்த்துப் பேசியது நான்தான். சலூன் வாசலில் நின்று முடியை எவ்வளவு வெட்டுவது என்று நான் சொல்வேன். பஸ்ஸில் கண்டக்டர் அவனைக் கேட்டால் ஊர் பேரை நான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் எவனாவது அவன் சட்டையைக் கிழித்தால், அந்தப் பையன் வீட்டுக்கே போய் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் திரும்புவேன். அவன் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். கோபமே வராத பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். கோபப்பட அவனுக்கு நான் எங்கே இடம் விட்டேன்?

நல்லம்பள்ளிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரி. அந்த இலையைப் போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். வியாபாரமும் பேச்சும் என்னுடையவை, புழு அவனுடையது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு புழு ஷெட்டுக்குள் போனால், "வெளிய நில்லுக்கா, வாசம் ஆவாது" என்று அதட்டுவான். அந்த ஒரு அதட்டலைக் கேட்கவே சில நாள் வேண்டுமென்றே எண்ணெய் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்களுக்கு மாமன் முறை. தக்காளி போட்டிருந்தார். ஒரு நாள் காலையில் வரப்பில் நின்று என்னைக் கூப்பிட்டு, செடிக்கு மருந்து அடித்திருப்பதாகவும், எங்கள் தோட்டத்தில் ஓரத்து நாலு வரிசை இலையைக் கொஞ்ச நாளைக்கு வெட்ட வேண்டாம் என்றும் சொன்னார். தம்பி கிணற்றடியில்தான் இருந்தான். அவனிடம் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இலை வெட்டும்போது நான்தானே கூட இருக்கப்போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மொரப்பூரில் ஒரு கல்யாணம். முதல் நாளே போய்விட்டு, மறுநாள் மதியம் வந்து இறங்கினேன். புழு கூடு கட்ட நாலே நாள் பாக்கி. ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் அத்தனையும் தலையைத் தூக்கி ஆட்டியபடி பச்சையாகக் கக்கிக்கொண்டு கிடந்தன. நான் இல்லாத நேரத்தில் ஓரத்து இலையை வெட்டிப் போட்டிருக்கிறான். வரப்புப் பக்கம் பேச்சுக் கேட்டது. ஓடினேன்.

மருந்தடித்தால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று மாமாவைக் கேட்டுக்கொண்டிருந்தான். குரல்கூட உயரவில்லை. மாமா சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, நானும் அவனைப் பார்த்து அப்படித்தான் சிரிப்பேன்.

"உங்கக்காகிட்ட அன்னிக்கே சொல்லிட்டனே. உங்கிட்ட சொல்லி என்னாவப் போவுது சாமி?"

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது அவன் கையில் மண்வெட்டி இருந்தது. காம்பால் அடித்தான். முதல் அடியிலேயே மாமா விழுந்துவிட்டார். விழுந்த பிறகும் அடித்தான். இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தேன், உதறித் தள்ளிவிட்டான். அந்த ஒரு நிமிஷம் என் தம்பியைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது.

மாமாவுக்குக் கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஒரு காது இனிக் கேட்காது என்று தர்மபுரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் போலீஸ் வந்து அவரை விசாரிப்பதாக இருந்தது. அதற்குள் நான் போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுடையது, அவனிடம் நான் சொல்லவே இல்லை என்று அழுதேன். அவர் மனைவி என்னைத் திட்டித் தீர்த்தார். நியாயம்தான். கடைசியில் மாமா, கிணற்றுப் படியில் சறுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன், வீட்டுக்குப் போ என்றார். அவர் மனசு யாருக்கு வரும்?

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். தம்பி செத்த புழுவைக் குழியில் கொட்டி மண் தள்ளிக்கொண்டிருந்தான். எல்லாம் பேசி முடித்துவிட்டேன், கேஸ் இல்லை, நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றேன்.

"இதயும் நீயே பேசிட்டு வந்துட்டியாக்கா?" என்றான்.

கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான். ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொன்னான். நான் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவன் வண்டியைக் கிளப்பவில்லை.

"எறங்குக்கா. அடிச்சது நானு. நானே சொல்லிக்கிறன்."

இறங்கினேன். அங்கே என்ன கேட்பார்கள், எதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வாய் வரைக்கும் வந்தது. வண்டி ரோட்டில் ஏறும்வரை, திரும்பிப் பார்த்து ஒரு தடவை கூப்பிட மாட்டானா என்று நின்றுகொண்டிருந்தேன். அவன் கூப்பிடவில்லை.