ஸ்டிக்கர் அத்தானின் ஆய்வு நாள்

என் அக்காள் புருஷனுக்கு எங்கள் கிளினிக்கில் ஸ்டிக்கர் என்று பெயர். முகத்துக்கு நேரே 'தர மேலாளர் சார்' என்பார்கள். முதுகு திரும்பினால் ஸ்டிக்கர்தான். நான் அங்கே நர்ஸ். முறைக்காக அத்தான் என்று கூப்பிடுகிறேன், மரியாதைக்காக அல்ல.

அத்தான் உருப்படியாக ஒரு தொழிலும் கற்றவரில்லை. கல்யாணத்தின்போது தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தார். பிறகு ஆயுள் காப்பீடு. அதன் பிறகு, எப்படிப் பேசினால் பெரிய ஆளாகலாம் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தார்; கேட்டவர்கள் யாரும் ஆனதாகத் தெரியவில்லை. எந்த வேலையிலும் நிலைக்காவிட்டாலும் கழுத்தில் டை மட்டும் மாறாமல் தொங்கியது. அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளியான பெரிய டாக்டருக்குக் கிளினிக்கின் வெளிநோயாளிப் பிரிவுக்கு அங்கீகாரச் சான்றிதழ் வாங்கும் ஆசை வந்தது. அது இருந்தால் பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களை எங்களிடம் அனுப்பும். வெளியிலிருந்து ஆள் வந்து ஆய்வு செய்து பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து எழுந்து வந்த அத்தான் தர மேலாளராகிவிட்டார். சான்றிதழ் கிடைத்தால் புதுக் கிளைக்கு அவர்தான் நிர்வாகி என்று பெரிய டாக்டர் வாயை வேறு விட்டிருந்தார். அதற்கப்புறம் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தார். தண்ணீர் வராத குழாய்க்கு மேலே கை கழுவும் முறையைப் படத்தோடு ஒட்டினார். மருந்து அட்டைப்பெட்டிகளை அடுக்கி அடைத்துவிட்ட பின்கதவுக்கு அம்புக்குறி போட்டு 'அவசர வழி' என்று ஒட்டினார்.

"அத்தான், அந்தக் கதவுதான் தொறக்காதே?" என்று கேட்டேன்.

"அம்பு இருக்கான்னுதான் பாப்பாங்க. கதவத் தொறந்தா பாக்கப்போறாங்க?" என்றார், என்னவோ நான்தான் விவரம் கெட்டவள் என்பதுபோல.

வீட்டையும் விட்டுவைக்கவில்லை. உப்பு ஜாடியில் 'உப்பு', சர்க்கரை ஜாடியில் 'சர்க்கரை', துடைப்பம் நிற்கும் மூலையில் 'துடைப்பம்'. என் அக்காள் மேல்தான் எதையும் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் ஒருவேளை கண்ணில் பட்டிருப்பாள்.

அக்காளுக்கு அப்போது உடம்பு சரியில்லை. சாயங்காலமானால் கால் வீங்கிவிடும். மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிடுவாள். இதயக் கோளாறாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். கிளினிக்கில் காட்டலாம் என்று அத்தானிடம் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன்.

"ஆய்வு முடியட்டும். இந்த நேரத்துல வீட்டு ஆள நடுவுல நுழைச்சேன்னா வரிசையில குளறுபடின்னு எழுதிருவாங்க" என்றார்.

நான் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் அக்காள் அசையவில்லை. "அவரு டென்ஷனா இருக்காருடி. கொஞ்சம் பொறு" என்றாள். புருஷன் மனம் கோணக்கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவள்மேலும்தான்.

ஆய்வு நாள் நெருங்கியதும் அத்தானின் மூளை முழு வேகத்தில் வேலை செய்தது. நிஜ நோயாளிகளை அவர் நம்பவில்லை. ரொம்ப நேரம் காக்க வைக்கிறார்கள் என்று அவர்கள் உண்மையைச் சொல்லித் தொலைப்பார்கள். அதனால் எல்லோரையும் மறுநாள் வரச்சொல்லிவிட்டு, பெஞ்சுகளை உறவினர்களாலும் தெரிந்தவர்களாலும் நிரப்ப முடிவு செய்தார். வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. அவருடைய தம்பிக்கு வயிற்றுவலி. கிளினிக் டிரைவருக்குக் காய்ச்சல். அக்காளுக்கு முழங்கால் வலி.

"எனக்குத்தான் நெஜமாவே முடியலையேங்க" என்றாள் அக்காள்.

"அதையெல்லாம் அங்க எடுக்காத. முழங்கால்னா முழங்கால்தான்."

ஆய்வுக்கு வந்தவர் வயதான ஒரு டாக்டர் அம்மா. காத்திருப்புக் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எல்லோரும் ஆளுக்கொரு டோக்கனைப் பிடித்துக்கொண்டு முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இவ்வளவு அமைதியான நோயாளிங்கள நான் பாத்ததே இல்ல" என்றார். அத்தான் அதைப் பாராட்டு என்று நினைத்துப் பல்லைக் காட்டினார்.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், யாராவது ஒருத்தருக்கு பிரஷர் பாத்துக் காட்டுங்க."

அத்தான் கண்ணாலேயே டிரைவரைக் காட்டினார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆள் அவர். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. "முழங்கால் வலிம்மா, நீங்க வாங்க" என்று என் அக்காளைக் கூப்பிட்டேன்.

பெஞ்சிலிருந்து என் மேசைக்கு வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. பட்டையைச் சுற்றினேன். ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். நாடி ஓடியது, தடுமாறியது, மறுபடியும் ஓடியது. டாக்டர் அம்மா கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டுக் குனிந்து அக்காளின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினார். பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

"மாடி ஏறுனா எப்படி இருக்கும்மா?"

அக்காள் புருஷனைப் பார்த்தாள். ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. "முழங்கால் வலிக்குது" என்றாள் பாவம்.

"மூச்சு?"

"பாதியில உக்காந்துருவேன்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"ஆய்வு முடியட்டும்னு சொன்னாங்க."

டாக்டர் அம்மா நிமிர்ந்தார். "இவங்கள உடனே உள்ள அனுப்புங்க. ஈசிஜி எடுக்கணும். இந்த நெலமையில ஒரு பேஷன்ட பெஞ்சுல உக்கார வச்சிருக்கீங்க, யாருமே கவனிக்கலையா?"

அத்தானுக்கு முகம் வெளுத்தது. பெண்டாட்டிக்காக என்று ஒரு நொடி நானும் நம்பித்தான் போனேன். அவர் பதறிக்கொண்டு முன்னால் வந்து சொன்னார்:

"மேடம், இவங்கள கணக்குல எடுக்காதீங்க. இவங்க பேஷன்டே இல்ல. என் வொய்ஃப்."

அவருடைய தம்பி வயிற்றின் மேலிருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டான். டாக்டர் அம்மா பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீழே வைத்த பேனாவை மறுபடியும் எடுத்து எழுத ஆரம்பித்தார். புதுக் கிளை, நிர்வாகி நாற்காலி எல்லாம் அந்த இடத்திலேயே காற்றில் போயிற்று. எனக்கு இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அக்காளின் முகத்தைப் பார்த்ததும் அந்த இனிப்பு நிற்கவில்லை. இத்தனை வருடம் யாருக்காகப் பொறுத்தாளோ அந்த ஆளை அவள் அப்போதுதான் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையில் கசங்கியிருந்த டோக்கனை நீட்டினாள்.

"டோக்கன் இருக்குங்க எங்கிட்ட. நீங்க குடுத்ததுதான். நான் டாக்டர பாக்கணும்."

"கொஞ்சம் இரு, அவங்க கெளம்பட்டும்..." என்று அத்தான் குழைந்தார்.

அவள் இருக்கவில்லை. நான் தாங்கிப் பிடிக்க, டாக்டர் அறைக்குள் நடந்தாள். பின்னாலேயே வந்த அத்தான் வாசலில் நின்றுவிட்டார். கதவில் அவர் கையால் ஒட்டியது பளபளவென்று இருந்தது: 'நோயாளியுடன் வருபவர்கள் வெளியே காத்திருக்கவும்.'

கதவைச் சாத்தினேன். அவர் ஒட்டியதிலேயே அன்றைக்குத்தான் ஒரு ஸ்டிக்கர் வேலை செய்தது.