217-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

பள்ளி வேன் ஓட்டுகிறவள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். பெற்ற பிள்ளையிடம், அதுவும் பள்ளிக்கூடத்தைப் பற்றி, சொல்லவே கூடாது. வேனில் தினமும் ஏறி இறங்கும் வாய்கள் அத்தனையும் சும்மா இருக்குமா? மலேசியாவின் கிள்ளானில் பதிமூன்று வருடமாக வேன் ஓட்டும் தியோ பீ சுவானுக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் புதன்கிழமை மத்தியானம் மகளிடம் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"லிஸ்ட்ல உன் நம்பர் இல்லடா கண்ணு."

மகள் வென் சின்னுக்குப் பன்னிரண்டு வயது. அப்போது சோற்றில் முட்டையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நல்லா பாத்தியாம்மா?"

"மூணு தடவ பாத்தேன்."

பார்த்தது என்னவோ உண்மை. தனியார் சீன இடைநிலைப்பள்ளியின் மதிலில் நுழைவுத் தேர்வு முடிவை ஒட்டியபோது முதல் ஆளாகப் போய் நின்றவள் அவள்தான். பெயர் போடமாட்டார்கள், எண் மட்டும்தான். 217 அங்கே இருந்தது, பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரத்தோடு. கணக்கில் மதிப்பெண் குறைவு, இடம் உண்டு, ஆனால் கூடுதல் வகுப்புக்கு வரவேண்டும் என்பது அதற்கு அர்த்தம். கீழே இன்னொரு வரியும் இருந்தது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பெற்றோர் நேரில் வந்து பதிய வேண்டும், வராவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும்.

வேறு அம்மாவாக இருந்தால் 217-ஐப் பார்த்துத் துள்ளியிருப்பாள். பீ சுவான் நட்சத்திரத்தை மட்டும் பார்த்தாள்.

ஏனென்றால் அந்தப் பள்ளி அவளுக்குப் புதிதில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் அவள் அங்கேதான் படித்தாள். அரசாங்கப் பள்ளியில் யாரையும் பிடித்து உட்கார வைப்பதில்லை. தேறினாலும் தேறாவிட்டாலும் வயதோடு மேலே போய்க்கொண்டே இருக்கலாம். இங்கே அந்தக் கதை நடக்காது. தேறவில்லையா, அதே வகுப்பில் மறுபடி உட்கார். மறுபடியும் தேறவில்லையா, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு. வகுப்புகளுக்கு மட்டும் விசுவாசம், அன்பு, நேர்மை என்று பெயர் வைத்திருப்பார்கள். பெயர் எவ்வளவு அழகாக இருந்தால் என்ன, கடைசி வகுப்பு எது என்று கேன்டீனில் நூடுல்ஸ் விற்கிறவருக்குக்கூடத் தெரியும். பீ சுவான் இரண்டாம் வருடத்தில் அந்தக் கடைசி வகுப்பில், நேர்மையில் இருந்தாள். கணக்கில் தோற்று மறு வருடமும் அங்கேயே, தங்கை வயதுப் பிள்ளைகளோடு, முட்டி இடிக்கும் மேசையில் உட்கார்ந்தாள். மறுபடியும் தோற்றாள். சிவப்பு மையில் எழுதிய மதிப்பெண் புத்தகத்தைப் பதினோரு நாள் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டுக்கொடுத்தது. அவளுடைய அப்பா அடிக்கவில்லை. "முட்டாள்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அடித்திருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பாள்.

அப்புறம் மாமாவின் ஐஸ் ஆலையில் வேலை, கல்யாணம், வேன். புருஷன் கான் கோக் செங்கிடம் வேறு ஊரில், ஈப்போவில், படித்ததாகச் சொல்லி வைத்திருந்தாள். அவன் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், அதையெல்லாம் தோண்டித் துருவ அவனுக்கு ஏது நேரம்? அந்தப் பள்ளிப் பிள்ளைகளையும் அவள்தான் ஏற்றி இறக்குகிறாள். ஆனால் பதிமூன்று வருடத்தில் ஒருநாளும் வேனை வாசலுக்குள் விட்டதில்லை. மற்ற வேன்கள் எல்லாம் உள்ளே போய் நிழலில் நிற்கும். இவள் மட்டும் எதிர்ப்பக்கம், டயர் கடை ஓரத்தில், வெயிலில் நிற்பாள். பிள்ளைகள் மூச்சு வாங்க ரோட்டைக் கடந்து வரவேண்டும்.

"உள்ள வந்தா என்ன ஆண்ட்டி, வேன் தேஞ்சு போயிருமா?" என்று கேட்காத பிள்ளை இல்லை.

"உள்ள வந்தா திருப்ப இடமில்லடா, போடா" என்பாள்.

பொய்தான். பஸ்ஸே திரும்பும் இடம் அது.

கோக் செங்குக்கோ மகள் அங்கே படிக்கவேண்டும் என்பது ஒரே பிடிவாதம். "நான் மலாய்ப் பள்ளியில படிச்சவன், சீன எழுத்து வராது. முதலாளி சீனத்துல ரெண்டு வரி மெசேஜ் போட்டா, ரோட்டோரமா லாரிய நிறுத்தி உனக்கு போட்டோ எடுத்து அனுப்புறேன். எம்பொண்ணுக்கு அந்த கேவலம் வேணாம்" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். புதன்கிழமை இரவு போனில் அவனிடமும் அதே பொய்யைச் சொன்னாள்.

"சரி விடு சுவான். புள்ளைய திட்டாத" என்று மட்டும் சொன்னான். அவள் என்னவோ திட்டப்போகிற மாதிரி!

வென் சின் அழவில்லை. ஆறு மாதமாகப் போட்டுப் போட்டு மூலை மடங்கிய கணக்குப் பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பழைய பேப்பர்க் கட்டோடு வைத்தாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பீ சுவான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் சனிக்கிழமை பன்னிரண்டு மணி மட்டும் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் எல்லாம் அடங்கிவிடும் என்று மனதுக்குள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்படி எண்ணியவள்தான் மகளின் பிறப்புச் சான்றிதழையும் தன் அடையாள அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வேனின் முன்பெட்டியில் மூன்று நாளாக வைத்திருந்தாள். எதற்கு வைத்தாய் என்று கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை அந்தப் பள்ளியில் பாண்டு, கூடைப்பந்து, எழுத்தோவியம் என்று கழகங்கள் நடக்கும். பதினொன்றேகாலுக்குப் பிள்ளைகளை ஏற்றவேண்டும். வென் சின்னை வீட்டில் தனியாக விடமுடியாது, அதனால் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிவந்தாள். டயர் கடை ஓரத்தில் வேன் நின்றது. ஒவ்வொருவராக ரோட்டைக் கடந்து வந்து ஏறினார்கள். எட்டுப் பேர் வந்தாயிற்று, யீ பிங்கை மட்டும் காணோம். மணி பதினொன்று இருபத்தைந்து.

யீ பிங் ஐந்தாம் வருடத்து மாணவி, மாணவர் தலைவி. ஊர் வம்பு முழுக்க அவள் பையில்தான் இருக்கும். நுழைவுத் தேர்வு நாளில் சின்னப் பிள்ளைகளின் சட்டையில் எண்ணைக் குத்திவிட்டவளும் அவள்தான்.

பதினொன்று முப்பத்திரண்டுக்கு ஓடிவந்து கதவைத் தள்ளித் திறந்தாள்.

"சாரி ஆண்ட்டி! சீருடை மேசையில என்னய நிறுத்திட்டாங்க. புது புள்ளைங்களுக்கு அளவு பாத்துப் பாத்து கை ஒடிஞ்சு போச்சு." மூச்சு வாங்கிக்கொண்டே முன்சீட்டைப் பார்த்தாள். "ஏய் வென் சின்! நீ இங்க என்ன பண்ற? உனக்கு எம் சைஸ் எடுத்து தனியா வெச்சிருக்கேன். ஏன் இன்னும் வரல?"

வென் சின் சீட்டில் திரும்பினாள்.

"எனக்கு கெடைக்கலயே" என்றாள் வென் சின்.

"யார் சொன்னா? 217தானே? நாந்தானே பின் குத்துனேன், எனக்குத் தெரியாதா? லிஸ்ட்ல இன்னும் டிக் போடாம கெடக்கறது ரெண்டே நம்பர்தான், அதுல ஒண்ணு உன்னோடது. பன்னெண்டு மணிக்கு மூடிருவாங்க ஆண்ட்டி, தெரியாதா உங்களுக்கு?"

வென் சின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பீ சுவான் ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். அந்த ஒரு நொடி போதாதா? பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று கதவைத் திறந்து குதித்து, லாரிகள் போகிற ரோட்டில் ஓடினாள்.

"ஏய்! ஏய், நில்லுடி!"

ஒரு லாரி ஹாரனை அலறவிட்டு ஒதுங்கிப் போனது. பீ சுவானுக்கு உயிர் போய் வந்தது. வென் சின் அந்தப் பக்கம் சேர்ந்து, பள்ளி வாசலுக்குள் நுழைந்து மறைந்தாள்.

பெற்றோர் வராமல் பதியமாட்டார்கள். பீ சுவான் இங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும், இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் தானாக முடிந்துவிடும். அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வந்த கையோடு அவள் முன்பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒன்பது பிள்ளைகளை ரோட்டோரத்தில் விட்டுவிட்டு இறங்கமுடியுமா? கியரைப் போட்டு, ரோட்டைக் குறுக்கே வெட்டி, நேராக வாசலுக்குள் விட்டாள்.

"ஆண்ட்டி உள்ள வராங்கடோய்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

காவலாளி வாயைப் பிளந்துகொண்டு தடுப்புக் கம்பியைத் தூக்கினார். வேனைக் கூடைப்பந்துத் திடலின் ஓரத்தில் நிறுத்தி, "யீ பிங், ஒருத்தரும் எறங்கக் கூடாது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மற்ற பெற்றோர் முன்மண்டபத்தின் அம்புக்குறிகளைப் பார்த்து வளைந்து வளைந்து போனார்கள். பீ சுவான் யாரையும் கேட்கவில்லை. கேன்டீனுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குறுகிய படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறினாள். மேலே போனால் நேரே அலுவலகம்.

வென் சின் கவுன்டருக்கு முன்னால் நின்றிருந்தாள். பின்கதவு வழியாக அம்மா வந்ததை விசித்திரமாகப் பார்த்தாள்.

"இதோ அம்மா வந்துட்டாங்க" என்றாள் கவுன்டரில் இருந்த அம்மாள். "என்னம்மா நீங்க, சின்னப் புள்ளைய தனியா அனுப்பறீங்க? கெஞ்சிட்டு நிக்குது. சீக்கிரம் எழுதுங்க, மணி பதினொன்னே முக்கால் ஆச்சு."

பெயர், முகவரி, தகப்பனார் தொழில் எல்லாம் எழுதினாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. பெற்றோர் இப்பள்ளியின் முன்னாள் மாணவரா? ஆம் எனில் ஆண்டு, கடைசியாகப் படித்த வகுப்பு.

அதைத் தாண்டிக் கையெழுத்துப் போடப் போனாள்.

"அம்மா" என்றாள் வென் சின். குரல் தாழ்ந்திருந்தது. "பின்னாடி படிக்கட்டு உனக்கு எப்படி தெரியும்?"

கவுன்டர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். பீ சுவான் அந்தக் கட்டத்துக்குத் திரும்பி வந்தாள். ஆம் என்று எழுதினாள். ஆண்டை எழுதினாள். இரண்டாம் வருடம், நேர்மை வகுப்பு, இரண்டு முறை என்று எழுதினாள். சீன எழுத்து அழகாக விழுந்தது, அதில் மட்டும் அவள் எப்போதும் தோற்றதில்லை. மகள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கவுன்டர் அம்மாள் ஒன்றும் கேட்காமல் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். மணி பதினொன்று ஐம்பத்துமூன்று.

படிக்கட்டில் பாதி இறங்கியதும் வென் சின் கேட்டாள்.

"அதான் பொய் சொன்னியா?"

"ஆமாடி."

"என்னையும் உக்கார வெச்சிருவாங்கன்னா?"

"நட்சத்திரம் போட்டிருந்தாங்க. பயந்துட்டேன். உன்னை யாரும் முட்டாள்னு சொல்லிறக் கூடாதுன்னுதான்…"

"மூணு நாளா நான் முட்டாள்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்!" வென் சின் அங்கேயே நின்று கத்தினாள். இப்போதுதான் அழுகை வந்தது. "வேற யாரும் சொல்லல. நீதானே சொன்ன!"

பீ சுவான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பேப்பரை விரித்த சத்தம் காதில் கேட்டது. எதிலிருந்து காப்பாற்றப் போனாளோ அதைத் தன் கையாலேயே பிள்ளைக்குச் செய்திருக்கிறாள். அவளும் அழுதாள், மறைக்கவில்லை.

வென் சின் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தாள். "நான் ஃபெயிலானா நானே வந்து உங்கிட்ட சொல்லுவேன். ஒளிச்சு வெக்க மாட்டேன். நீயா எதையும் முடிவு பண்ணாத."

"சரி."

"அப்பாகிட்ட நீதான் சொல்லணும்."

"சாயங்காலம் சொல்றேன்."

"இப்பவே."

வேனில் ஏறும்போது வென் சின் முன்சீட்டுக்கு வரவில்லை. பின்னால் போய் யீ பிங்கின் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். பீ சுவான் என்ஜினை ஓடவிட்டு, போனை ஒலிபெருக்கியில் போட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள். ஒன்பது வாயும் கப்பென்று மூடிக்கொண்டன. நாளைக்குள் கிள்ளான் முழுக்கத் தெரிந்துவிடும், அது அவளுக்குத் தெரியும்.

"என்ன சுவான்?" லாரி இரைச்சலுக்கு நடுவே கோக் செங் கேட்டான்.

"அவ நம்பர் லிஸ்ட்ல இருந்துச்சு" என்றாள். "புதன்கிழமையே இருந்துச்சு. நான்தான் இல்லன்னு சொன்னேன்."