கண்ணாடி போட வந்த சாமிகள்

படத்துக்குக் கண்ணாடி போடுகிற தொழிலில் சுத்தியல் விரலில் விழுந்தால் கூட ஆறிவிடும். ஆட்கள் சாமியை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் ஆறாது. கடையில் நின்று, பிறத்தியார் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிப் பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாரும் நிறுத்தவில்லை, எனக்கே பிடிக்கவில்லை. தலவாக்கலை டவுனில் ஹமீது நானாவின் கண்ணாடிக் கடையில் வேலை. நானா கண்ணாடி வெட்டுவார், சட்டம் அறுப்பார். படத்தை உள்ளே வைத்து ஆணி அடிப்பது நான். "ஒங்கட சாமிக்கு ஏதும் ஆனா நீயே பதில் சொல்லிக்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

வீடு லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறார். தோட்டத்துக் கணக்கில் பேர் இருந்தால்தான் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்க ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. நான் பேர் பதியாமல் டவுனுக்கு ஓடிவந்துவிட்டதால், எங்கள் தலைக்கு மேலே உள்ள தகரம் அம்மாவின் பேரில்தான் நிற்கிறது. இதை மட்டும் மறக்காமல் படியுங்கள்.

அம்மனுக்குப் பின் சீட்டு

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே சுடர்சாமி என்று ஒருவர் வந்து சபை ஆரம்பித்தார். எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் சிலர் இமயமலை என்றார்கள், சிலர் நாவலப்பிட்டி என்றார்கள். மௌனம்தான் மோட்சம் என்பது அவர் உபதேசம். அதை விடாமல் மூன்று மணி நேரம் பேசுவார். சபையில் சேர்ந்தவர் வீட்டில் அவர் போட்டோவைத் தவிர வேறு சாமி படம் இருக்கக்கூடாது.

உடனே எங்கள் கடைக்கு யோகம். பேக்டரியில் வேலை செய்யும் கந்தையா அண்ணன் மாரியம்மன் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அம்மனை எடுத்துவிட்டு அதே சட்டத்தில் சுடர்சாமியைப் போட வேண்டுமாம். நான் ஆணியைப் பிடுங்கி அம்மனை வெளியே எடுத்தேன். "இத என்னண்ணே செய்யிறது, கையிலயே கொண்டு போறீங்களா?" என்றேன். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "அம்மா பின்னாலயே இருக்கட்டும்டா தம்பி. இவரு புதுசு. நாளைக்கு ஊர்ல அம்மை போட்டா, என்ன செய்யணும்னு இவருக்குத் தெரியுமோ என்னமோ."

துரைசாணியின் அப்பா

புதுச் சாமி லயத்துக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள், பங்களாவுக்கும் வரும். ஒரு தோட்டத்தை நடத்துகிற துரையின் மனைவி, துரைசாணி, வட்ட மேசையைச் சுற்றி ஆட்களை உட்கார வைத்து, விளக்கை அணைத்து, செத்தவர்களைக் கூப்பிடுவார். செத்தவர்கள் மேசையைத் தட்டிப் பதில் சொல்வார்களாம். இதையே எங்கள் லயத்துப் பூசாரி உடுக்கடித்துச் செய்தபோது, துரை ஆளைக் கூப்பிட்டுத் திட்டினார்.

ஒருநாள் அந்தத் துரைசாணியே காரில் வந்து இறங்கி, ஆவியைப் படம் பிடித்திருக்கிறோம், கண்ணாடி போடு என்று ஒரு போட்டோவை நீட்டினார். படம் முழுக்க வெள்ளையாக இருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது மூடுபனிங்க தொரைசாணி, எங்க ஊர்ல எந்தப் பக்கம் படம் புடிச்சாலும் இதுதான் விழும்" என்றேன். நானா உள்ளே போய்விட்டார். துரைசாணி கோபப்படவேயில்லை. தோட்டத்துத் தமிழில் பொறுமையாகச் சொன்னார்: "மூடுபனி இல்லே. அது நம்ம அப்பா. நீ தலைகீழா புடிக்கிறான்."

கொழுந்துப் பாவம்

இதுவரை சிரிப்பு. பிறகு அம்மாவும் சபையில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு சுடர்சாமிக்கு ஒரு ஞானம் பிறந்தது: கொழுந்து என்பது செடியின் பிள்ளை, அதைக் கிள்ளுவது பிள்ளைக்கொலை. உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். எங்கள் லயத்தில் பாதிப் பெண்கள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அம்மாவும்தான்.

மலையில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். "திங்கக்கிழமை காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வராட்டி பேர வெட்டச் சொல்லிட்டாரு தொரை. பேரு போனா காம்பராவும் போச்சு, தெரியும்ல?" என்றார். அம்மா மௌனம் காத்தார். கணக்கப்பிள்ளை போனதும் நான் கத்தினேன். "எங்க போய்ப் படுக்கிறதும்மா? ரோட்டுலயா?"

"சாமி ஜோதியில நமக்கு எடம் வச்சிருக்காருடா."

"அங்க கூரை ஒழுகுமான்னு கேட்டியா?"

அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதெல்லாம் கேட்டா சபையில சேத்துக்க மாட்டாங்கடா."

சாமி நேரில் வந்தது

அந்தச் சனிக்கிழமையே சுடர்சாமி கடைக்கு வந்தார், கூட இரண்டு சீடர்கள். லயக் காம்பராக்களில் மாட்டுவதற்குப் பெரிய அளவில் தன் படங்களுக்குச் சட்டம் வேண்டுமாம். வந்தவர் யாரானாலும் நானா பக்கத்துக் கடையில் தேத்தண்ணி சொல்லிவிடுவார். சாமி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சாயம் கொஞ்சம் கூட்டி, சீனியும் போட்டு இன்னொண்ணு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "சாமி, இது பிள்ளைக்கொலையில வந்த தண்ணிதானுங்களே?" என்றேன். சீடர்கள் என்னை முறைத்தார்கள். சாமி அசரவில்லை. "பறிச்ச பாவம் பறிச்சவங்களுக்கு. குடிக்கிறவனுக்கு ருசி மட்டுந்தான்" என்றார்.

இந்த ஆளிடம் தர்மம் பேசிப் பயனில்லை என்று புரிந்தது. தொழில் பேசினேன். "சட்டமெல்லாம் போட்டுத் தர்றேங்க. ஆனா இந்த அளவுப் படத்தை எங்க மாட்டுவீங்க? திங்கக்கிழமை உங்க சபைக்காரங்க பேரையெல்லாம் வெட்டப் போறாங்க. எங்கம்மா பேரும் போகுது. பேரு போனா காம்பரா தோட்டத்துக்குப் போயிரும், செவரும் அதோட போயிரும். அந்தக் காம்பராவுக்குப் புதுசா வர்றவங்க உங்க படத்தை மாட்டுவாங்களா?" சாமி இரண்டாவது கோப்பையைக் கீழே வைத்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக மௌனம் அனுஷ்டித்தார். பிறகு சீடர்கள் பக்கம் திரும்பினார். "செவரு தோட்டத்துதுன்னு எங்கிட்ட ஏண்டா யாரும் சொல்லல?"

மன்னிப்பு

ஞாயிற்றுக்கிழமை சபையில் இரண்டாவது ஞானம் பிறந்தது: கொழுந்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பறித்தால் பாவம் ஒட்டாது. முதல் ஞானத்துக்கு அழுத அதே முகங்கள் இதற்கும் அழுதன. அம்மா வீட்டுக்கு வந்து, "சாமிக்கு எவ்வளவு கருணை பார்த்தியா?" என்றார். என் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். காம்பரா கையை விட்டுப் போகாமல் இருந்தால் போதும், கருணையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை கடைக்கு நேரம் கழித்துப் போனாலும் பரவாயில்லை என்று பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். கணக்கப்பிள்ளை பேர் வாசித்தார். அம்மா பேரைக் கூப்பிட்டபோது, "இருக்கேங்க" என்று அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மலைக்குப் போனதும் சபைப் பெண்கள் ஆளுக்கொரு செடி முன்னால் கைகூப்பி நின்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். செடிக்குச் செடி இதே வேலை. அவர்கள் பறிக்கிற நிரை, அந்தச் செடி வரிசை, நகரவேயில்லை. சபையில் சேராத பெண்கள் பாதி மலையைத் தாண்டிவிட்டார்கள். கீழே நின்ற கணக்கப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தினார்: "அடியே, மொத்தத் தோட்டத்துக்கும் சேத்து ஒரே மன்னிப்பா கேட்டு முடிங்கடி! கொழுந்து நிறுவையில கொறைஞ்சா எங்கிட்ட மன்னிப்புக் கெடையாது!"

ஆக, இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது, எந்தப் பெரிய சாமியாக இருந்தாலும் தொங்குவதற்கு ஓர் ஆணி வேண்டும் என்பதும், அந்த ஆணியை அடிக்கிற சுவர் கையை விட்டுப் போகாமல் இருக்க எங்கள் அம்மா மாதிரி யாராவது ஒருத்தர் காலையில் பெரட்டுக்குப் போயாக வேண்டும் என்பதும்தான்.