திரையின் மூலையில் ஓர் எண்

ஒளிந்து வாழ்ந்த ஒரு பெண்ணை, அவளைத் தேடிக்கொண்டிருந்தவனுக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான். அதை வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை வேண்டுமென்றுதான் செய்தேன். அவளை நினைத்தால் அவள் முகத்துக்கு முன்னால் வேறொன்று வந்து நிற்கிறது: கைபேசித் திரையின் மூலையில், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லும் அந்தச் சின்ன எண்.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் பாயின் தங்கை அவள். திருநெல்வேலிப் பக்கம். கணவன் சூடான இஸ்திரிப் பெட்டியை முழங்கையில் வைத்த மறுவாரம், மகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டாள். கேரளத்தில் யார் வீட்டிலோ இருக்கிறாள் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார்கள். பட்டறையின் பரணில் தையல் மிஷின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். இரும்பு ஏணியில் யார் கால் வைத்தாலும் மிஷின் நின்றுவிடும். சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்வாள். மாட்டுங்காவிலிருந்து வரும் நான் ஏறினால், “மாட்டுங்கா சாருக்கு மூச்சு வாங்குது காக்கா, பானி குடுங்க” என்று அண்ணனைக் கூப்பிட்டுச் சிரிப்பாள். தெரியாத காலடி என்றால் சிரிப்பு இருக்காது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்துவிடுவாள்.

நான் ஓய்வுபெறும்வரை ஒரு பெரிய அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவன். துபாயில் இருக்கும் பாயின் தம்பி பட்டறையில் பங்குதாரர். வேலை நடப்பதை அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்றார். பழைய கணினி ஒன்றில் கேமராவுக்கான மென்பொருளை ஒரு கண்டெய்னரில், அதாவது கணினிக்குள்ளேயே தனியாக அடைத்த ஒரு பெட்டியில், ஓடவிட்டேன். வருபவரை அந்தப் பெட்டிக்கு அழைத்துப் போக, வாசல் காவலாளிபோல ஒரு ப்ராக்ஸி. வெளியே வி.பி.என். என்ற பூட்டு. பாயிடம் பெருமையாகச் சொன்னேன்: “லிங்க் யார் கைக்குப் போனாலும் கவலை இல்லை பாய். சாவி இல்லாதவனுக்குத் திறக்காது.”

சாவி இருந்தவருக்கும் திறக்கவில்லை. துபாயில் தம்பி காத்திருந்தார். அவர் திரையில் 502 என்ற பிழைதான் வந்தது. பூட்டைத் தாண்டிக் காவலாளிவரை வந்துவிடுகிறார், அதற்கு மேல் போக முடியவில்லை. நான் வரிவரியாக மாற்றிப் பார்த்தேன். பாய் சிரித்தார். “என்ன சார், ஆபீஸ்ல ஒங்கள இத்தன வருஷம் சும்மாவா வச்சிருந்தாவ?” வேலையாட்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. காவலாளியையும் பூட்டையும் விட்டுவிட்டு, ரவுட்டரில் நேராகப் பெட்டிக்கே ஒரு வழியைத் திறந்து, புது லிங்க் கொடுத்தேன். உடனே படம் வந்தது. சோதனைக்காகத்தான்; வீட்டுக்குப் போனதும் பிழையைக் கண்டுபிடித்து வழியை மூடிவிடலாம் என்று எண்ணினேன். படம் வந்துவிட்டதால் அந்த வேலை நாளை நாளை என்று தள்ளிப்போனது. பூட்டு இல்லை என்று பாயிடம் சொல்லவும் இல்லை. அவர் என் சொல்லை நம்பி, தம்பிக்கான லிங்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டார். சாவி இல்லாதவனுக்குத்தான் திறக்காதே.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பாயின் கைபேசியில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்டு மேசை, அதற்குப் பின்னால் ஏணியின் அடி. டீ வாங்க இறங்கி வந்த அவள் கேமராவுக்கு நேராக நின்று தலைத் துணியைச் சரிசெய்துகொண்டாள். மூலையில் 2 என்று இருந்தது; அதில் ஒன்று பாயின் கைபேசி. “தம்பி பாக்கான் போல,” என்றார் பாய். அப்போதே தம்பியிடமிருந்து அழைப்பு. போன் உடைந்து ஒரு வாரமாகிவிட்டது, இது கூட்டாளியின் போன் என்றார். நான் மறுபடி மூலையைப் பார்த்தேன். 2 மாறவில்லை. யாரோ ஓர் ஆள் அந்த நேரத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன சார், மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு?” என்றார் பாய். “ஒன்றுமில்லை, மென்பொருள் தப்பாக எண்ணுகிறது,” என்றேன். படித்தவன் என்ற என் பெயர் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் என் கணினியிலிருந்தே அந்த வழியை மூடினேன். பிழையும் அன்றே அகப்பட்டது. ப்ராக்ஸியும் ஒரு தனிப் பெட்டிக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. போகவேண்டிய இடத்தை ‘லோக்கல்ஹோஸ்ட்’, அதாவது ‘இங்கேயே’, என்று எழுதியிருந்தேன். அதற்கு அந்தச் சொல் தன்னைத்தான் குறிக்கும். தன் கதவையே தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு சொல்லை மாற்றியதும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதைச் சொல்லத்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை அவள் கணவன் வந்தான். குடும்பக் குழுவிலிருந்த யாரோ ஒரு சொந்தக்காரர் வழியாக லிங்க் அவன் கைக்குப் போயிருந்தது. ஏணிச் சத்தம் புதிது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பரணில் ஓட இடமில்லை. காலைப் பிடித்து ஏணி வழியாகவே இழுத்துத் தள்ளினான். வேலையாட்கள் பிடிப்பதற்குள் அவள் இடுப்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பாயிடமும் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸிலும் எழுதிக் கொடுத்தேன். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள்தான் பேசினாள். “வழியத் தெறந்தத விடுங்க சார், தெரியாமப் பண்ணிட்டிய. அந்த ரெண்டப் பாத்தப்பமே சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே பிள்ளையக் கூட்டிட்டுக் கெளம்பியிருப்பேன்லா?”

நடக்கத் தொடங்கியதும் அவள் மகளோடு எங்கோ போய்விட்டாள். புறநகர் அம்பர்நாத்தா, இன்னும் தூரமா, எனக்குத் தெரியாது. பாய் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். கேமராவைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். “இருக்கட்டும். அவன் திரும்ப வந்தா தெரியணும்லா,” என்றார்.

இப்போது சாவி இரண்டே பேரிடம், அவரிடமும் என்னிடமும். மாட்டுங்காவில் என் ஜன்னலோரம் உட்கார்ந்து பகலெல்லாம் அந்த ஏணியைப் பார்க்கிறேன். மூலையில் 1 இருக்கும். அது நான்தான் என்று எனக்கே ஒருமுறை சொல்லிக்கொள்வேன். சில வேளை அது 2 ஆகும். உடனே பாய்க்குப் போன் செய்வேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

“நான்தான்,” என்பார். முன்புபோல ‘சார்’ இல்லை. வைத்துவிடுவார்.