குன்வோரின் கை பட்ட எலிகள்

குன்வோர் லிண்ட்வால் புருஷனோடு பேசுவதைவிட எலிகளோடு அதிகம் பேசுவாள். ரூனேவுக்கு அதில் வருத்தமே கிடையாது. ஸ்வீடனின் உப்சாலா நகரத்தில் நாளெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டு, சாயங்காலம் உருளைக்கிழங்குப் பாத்தியில் வாய் திறக்காமல் நிற்பதுதான் அவனுக்குச் சொர்க்கம். அவளும் முன்பு ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தவள்தான். மாவுத்தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டதும் அதை விட்டுவிட்டு, மூளை ஆராய்ச்சிக்கூடத்தின் எலி அறைக்கு வந்து சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து ஒரு காலைகூட வேலைக்குப் போகச் சலித்துக்கொண்டதில்லை. எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கிறது?

அந்தக் குளிர்காலத்தில் யெர்கர் என்ற ஆய்வு மாணவனின் எலிகள் அவள் பொறுப்பில் இருந்தன. மனநோய்க்குக் கொடுக்கிற ஒரு மருந்து மூளையில் டோபமைன் கொண்டுபோகும் சேதியை வாசலிலேயே மறித்துவிடும். அப்படி மறித்தால், நியூரோபெப்டைடு என்ற வேறொரு வகைச் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் கூடுமா, குறையுமா? அதுதான் அவன் கேள்வி. பாதி எலிகளுக்கு மருந்து ஊசி, பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். சில வாரம் கழித்து எலிகளின் மூளையை உறையவைத்துச் சன்னமாகச் சீவி, கதிரியக்கம் ஏற்றிய பெப்டைடில் நனைத்து, ஃபிலிமுக்கு அடியில் வைத்துக் காத்திருப்பான். ஏற்பி எங்கே அதிகமோ அங்கே ஃபிலிம் கறுக்கும்.

முதல் தொகுதியில் மருந்து எலிகளின் ஃபிலிம் கன்னங்கரேலென்று வந்தது. பையன் தரையில் நிற்கவில்லை. வசந்தகாலத்தில் பட்டத்துக்காக எல்லார் முன்னாலும் நடக்கும் ஆய்வேட்டின் பொது விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. அவன் அம்மா அன்றைக்கு உடுத்தப் புது உடுப்புக்குத் துணிகூட எடுத்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது தொகுதிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தான்.

காலையில் ஊசி போட்டுவிட்டுப் போகிறவன், கையுறையை மறந்துவிட்டு ஒரு நாள் மத்தியானம் திரும்பி வந்தான். குன்வோர் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். அவள் கம்பளிச் சட்டையின் கழுத்து வழியே ஒரு வெள்ளை எலி எட்டிப் பார்த்தது.

"அடக் கடவுளே, குன்வோர்! என்ன கோலம் இது?"

"ஓரத்துப் பெட்டிக்காரன்ப்பா. கல்லு மாதிரி உக்காந்திருந்தான், பாவம். கொஞ்சம் சூடு குடுத்தாத்தான் அசையுறான்."

"தினமும் இப்படித்தானா?"

"பின்ன? போன தடவையும் இதேதான் செஞ்சேன்."

"எல்லா எலிக்குமா?"

"சுரத்தில்லாம கெடக்குறதுங்களுக்கு மட்டும். மத்ததுங்களுக்கென்ன, குதிச்சுக்கிட்டுல்ல இருக்கு?"

யெர்கர் தீவன மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தான். எதற்கு மருந்து, எதற்குத் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் பெட்டிகளில் வெறும் எண் ஒட்டியிருந்தான். ஆனால் அந்த மருந்து எலியை மந்தமாக்கும். மந்தமானதைப் பார்த்தால் குன்வோர் தூக்காமல் இருக்கமாட்டாள். ஆக, மருந்து போன ஒவ்வொரு எலிக்கும் அவள் மடிச்சூடும் சேர்ந்தே போயிருந்தது.

"கையில வச்சுத் தடவினாலே எலியோட மூளை மாறும், குன்வோர். அந்தக் கறுப்பு, மருந்தால வந்ததா, உங்க கையால வந்ததான்னு இப்ப எனக்கே தெரியல."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளையின் உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தோன்றியது. இனி எலி அறைப்பக்கம் விடமாட்டார்கள், புட்டி கழுவத்தான் அனுப்புவார்கள் என்று தோன்றியது. இரண்டாவது நினைப்புதான் அதிகம் வலித்தது, அதற்காக இன்னும் வெட்கப்பட்டாள். அன்று ராத்திரி வீட்டில் ரூனே முழுக்கக் கேட்டுவிட்டு, "ரொட்டி கேக் பண்ணிடு" என்றான்.

வேலையைக் கெடுத்தவர் மறுநாள் காப்பி நேரத்துக்குக் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த ஆய்வுக்கூடத்தில் மீற முடியாத வழக்கம். குன்வோர் ரொட்டியை அடுக்கி, மயோனைஸ் பூசி, இறாலும் வெள்ளரியும் பரப்பி எடுத்துப்போனாள். மேசையில் ஏற்கெனவே யெர்கர் வாங்கிவந்த கேக் இருந்தது. பேராசிரியர் ஸ்டெல்லான் இன்னொரு பெட்டியோடு உள்ளே வந்தார்.

"யாருக்குப்பா பிறந்தநாள்?" என்றார்.

"கெடுத்தது நான், ஸ்டெல்லான்" என்றாள் குன்வோர்.

"நீ எங்க கெடுத்த? மத்தியானம் நீ என்ன செய்யறேன்னு இவன் ஒரு தடவை கேட்டிருக்கணும். இவன் கேட்டானான்னு நான் கேட்டிருக்கணும். வெட்டு, முதல்ல இறாலு."

மூன்று கேக்கும் தீர்வதற்குள் வழி பிறந்துவிட்டது. புதிய எலிகள், நான்கு கூட்டம். மருந்தும் மடியும், மருந்து மட்டும், தண்ணீரும் மடியும், தண்ணீர் மட்டும். எந்தப் பெட்டிக்கு மடி என்று சீட்டுக் குலுக்கி முடிவாகும். குன்வோரேதான் தூக்க வேண்டும். விசாரணை இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போயிற்று.

தூக்குவது அவளுக்குப் பெரிய காரியமில்லை, தூக்காமல் விடுவதுதான் பாடாய்ப் படுத்தியது. மருந்து ஏறி விறைத்து உட்கார்ந்திருப்பவனுக்குத் தீவனம் போட்டுவிட்டு, கையை மேலங்கிப் பையில் திணித்துக்கொண்டு நகர வேண்டும். "கோவிச்சுக்காதடா, சீட்டு அப்படி விழுந்துடுச்சு" என்பாள். பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

கோடையில் ஃபிலிம்கள் கழுவி வந்தன. யெர்கர் அவளைக் கூப்பிட்டு, வெளிச்சப் பலகைமேல் நான்கையும் வரிசையாக வைத்தான்.

"மடி இல்லாம மருந்து மட்டும் போனது இது. அப்பவும் கறுத்திருக்கு பாருங்க. மருந்தோட வேலை நெசந்தான். என் ஆய்வேடு பொழச்சுது!"

குன்வோர் மூச்சு விட்டாள். அவன் விரல் அடுத்ததற்கு நகர்ந்தது. மருந்தே போகாத எலி. வேறோர் இடத்தில், சின்னதாய், சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

"இது?"

"இது நீங்க."

அவள் பலகைமேல் குனிந்து பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்கவில்லை. பிறகு பக்கத்து ஃபிலிமைக் காட்டினாள். அந்தத் திட்டு இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது.

"இது நான் தொடாம விட்டது."

"ஆமா."

அன்றைக்குச் சாயங்காலமே ஸ்டெல்லான் உத்தரவு போட்டார்: இனி எலி அறையில் மடி என்றால் எல்லாருக்கும் மடி, மருந்தானாலும் தண்ணீரானாலும். குன்வோர் ரூனேவிடம் அதை ஏதோ பதக்கம் வாங்கியவள்போலச் சொன்னாள்.

ஒவ்வொரு தொகுதியிலும் கடிக்கிறவன் ஒருத்தன் இருப்பான். அடுத்த தொகுதியிலும் இருந்தான், முதல் நாளே அவள் பெருவிரலைப் பதம் பார்த்தான். குன்வோர் விரலை உறிஞ்சிக்கொண்டே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"வாடா ராசா, நீயும் வா" என்று மறுபடி கையை நீட்டினாள். "உன்னையும் விடக்கூடாதாம்."